வேம்பா, புங்கா? மன்றத்து முற்றத்துக்கு ஏற்ற மரம் எது?

‘மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்’ என்பது நம் நாட்டுப் பழமொழி. மனிதருக்கு அது ஆறுதலாக இருக்கலாம். ஆனால் டில்லியில் மரத்துக்கே அது பொருந்துமா என்பது ஐயந்தான். மே மாதத்தில் ‘லூ’ என்னும் அனற்காற்று வீசத் தொடங்கும்போது, மரம் வைத்த மாணவன் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு ரயிலேறிவிடுகிறான். வைத்த கன்று வாயற்ற பிள்ளையாய் நின்று காய்கிறது. ஆகவே, எந்த மரத்தை வைப்பது என்ற கேள்வியும், அதற்குத் தண்ணீர் ஊற்றுபவர் யார் என்ற கேள்வியும் ஒன்றோடொன்று பிணைந்தவை. இவ்விரண்டையும் மன்றத்து அன்பர்கள்முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சென்ற கோடையில் அடித்த ஆந்தியில், நம் மன்ற அறைக்கு எதிரே நின்ற முதிய மரம் வேரோடு சாய்ந்ததை அனைவரும் அறிவீர்கள். அதன் நிழலில் நாம் பொங்கல் விழா நாடகத்துக்கு ஒத்திகை பார்த்தோம். தேர்வுக் காலத்தில் புத்தகமும் கையுமாக அமர்ந்தோம். நமக்கு அது ஒரு வசதியின் இழப்பு. அம்மரத்தடியில் கரி இஸ்திரிப் பெட்டியை வைத்துத் துணி தேய்த்து வந்த முதியவருக்கோ அது பிழைப்பின் இழப்பு. இன்று அவர் நீல நிறப் பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றைக் கட்டிக்கொண்டு, மேலே சூரியனும் கையிலே கனலுமாக நிற்கிறார். 2024-ஆம் ஆண்டு மே மாத இறுதியில் இந்நகரின் வெப்பம் 45 டிகிரியைத் தாண்டிய நாள்களை நாம் மறக்கவில்லை. அத்தகைய நாளில் நிழல் என்பது அலங்காரமன்று, உயிர்க்காப்பு.

தோட்டப் பிரிவார் ஜூலை மழையோடு ஒரு கன்று தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எந்தக் கன்று என்பதை நாமே சொல்ல வேண்டும். மன்றக் கூட்டத்தில் இரண்டு கட்சிகள் எழுந்தன: ஒன்று வேம்புக் கட்சி, மற்றொன்று புங்கக் கட்சி. வாதம் சூடேறவே, முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளப்பட்டது. நான் தாவரவியல் முதுகலை மாணவன் என்பதனால், இரு மரங்களின் தன்மையையும் எழுதித் தரும்படி செயலாளர் பணித்தார். நானோ இராமநாதபுரச் சீமையில் வேப்ப நிழலில் வளர்ந்தவன். எனினும் நீதிபதி நாற்காலியில் அமர்ந்த பின் ஊர்ப்பாசம் கூடாதன்றோ?

நிழல் எவ்வாறு குளிர்விக்கிறது?

முதலில், மரத்தடியில் நமக்கு ஏன் குளிர்ச்சி தோன்றுகிறது என்று பார்ப்போம். தெளிந்த கோடை நண்பகலில், ஒரு சதுர மீட்டர் தரையின்மேல் ஏறக்குறைய 1000 வாட் அளவுக்குக் கதிரவன் ஆற்றல் விழுகிறது. இலைக்கூரை அதிற் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. மரத்தடியில் காற்றின் வெப்பம் பெரும்பாலும் ஓரிரு டிகிரியே குறைகிறது. ஆனால் உடல்மேல் நேரே விழும் கதிரும், சூடேறிய தரையிலிருந்து மேலெழும் அனலும் வெகுவாகக் குறைந்துவிடுகின்றன. நம் உடல் உணர்வது அவ்வேறுபாட்டைத்தான். ஐயமுள்ளவர்கள் வெயிலில் கிடக்கும் செங்கல்லையும் நிழலில் கிடக்கும் செங்கல்லையும் தொட்டுப் பார்க்கலாம்.

இரண்டாவது வேலை நீராவிப்போக்கு. வேர் உறிஞ்சிய நீரை இலைத்துளைகள் ஆவியாக வெளிவிடுகின்றன. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறக்குறைய 2450 கிலோ ஜூல் வெப்பம் வேண்டும். ஒரு மரம் ஒரு நாளில் 100 லிட்டர் நீரை ஆவியாக்குகிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். அது விழுங்கும் வெப்பம், ஒன்றரை டன் குளிர்சாதனக் கருவி ஏறக்குறைய பதின்மூன்று மணி நேரம் ஓடி அகற்றும் வெப்பத்துக்கு நிகர். ஆனால் மண்ணில் ஈரம் இல்லையேல், மரம் தன் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். குளிர்விக்கும் வேலையும் அத்துடன் சுருங்கும். வேருக்கு நீர் கிடைக்கும் இடத்தில், அடர்ந்த இலையோடு நிற்கும் மரமே நல்ல நிழல்மரம் என்பது இதனால் விளங்கும். இவ்வளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு இரு மரங்களையும் அணுகுவோம்.

வேம்பு

பாண்டியர் சூடிய மாலை வேம்பு. காதலி தந்தால் வேப்பங்காயும் கற்கண்டாய் இனித்ததாகத் தலைவன் முன்பு சொன்னதைத் தோழி சுட்டிக்காட்டும் குறுந்தொகைப் பாட்டைத் தமிழ் மாணவர் அறிவர். அறிவியல் இதற்கு இட்ட பெயர் அசாடிராக்டா இண்டிகா. பாரசீக மொழியில் ‘ஆசாத் திரக்த்’ என்றால் சுதந்திர மரம் என்று பொருள். அதிலிருந்து வந்ததே இப்பெயர்.

வேம்பு 15 முதல் 20 மீட்டர் வரை வளரக்கூடியது. ஒரே காம்பின் இருமருங்கிலும் இருபது முப்பது சிற்றிலைகள், ரம்பப் பல் போன்ற விளிம்போடு, சற்றே கோணலாய் அமைந்திருக்கும். இலை சிறிது, ஆயின் எண்ணிக்கை மிகுதி. எனவே அதன் நிழல், ஒளியை முழுதும் அடைக்காமல் சல்லடைபோலச் சலித்துத் தரும் நிழல். காற்றோட்டம் நிறைய உண்டு. டில்லியில் குளிர் கழிந்ததும் மார்ச் மாதவாக்கில் பழைய இலையைக் கொட்டி, செம்பு நிறத் தளிர் விட்டு, கோடை முற்றுமுன் மீண்டும் நிறைந்துவிடும். அதையொட்டி வரும் வெண்பூவின் மணம் விடுதிச் சாளரம் வரை எட்டும்.

இதன் வலிமை வறட்சியைத் தாங்குவதில் இருக்கிறது. ஆழ இறங்கும் ஆணிவேரும் பரந்த பக்கவேரும் கொண்டு, ஆண்டுக்கு 400 மில்லிமீட்டர் மழை பெறும் சரளை நிலத்திலும் இது பிழைத்துக்கொள்ளும். ஏறத்தாழ 750 மில்லிமீட்டர் மழை பெறும் டில்லி இதற்குப் போதுமான இடமே. புது டில்லியை அமைத்தபோது சாலையோரங்களுக்குத் தேர்ந்தெடுத்த மரங்களுள் நாவலும் வேம்பும் முன்வரிசையில் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதன் பலவீனம் தேங்கும் நீர். வேருக்கும் மூச்சு உண்டு. மண்ணின் நுண்துளைகளில் காற்றுக்குப் பதிலாக நீர் நிறைந்துவிட்டால் வேர் திணறும். திணறிய வேரைப் பூசணம் பற்றும். நாள்கணக்கில் நீர் தேங்கும் பள்ளத்தில் வைத்த வேப்பங்கன்று மஞ்சளித்து மடிவது பெரும்பாலும் இதனாற்றான். இளங்கன்றுக்குக் கடுங்குளிரும் ஆகாது. அண்மை ஆண்டுகளில் மற்றொரு தொல்லையும் சேர்ந்திருக்கிறது. 2021-ஆம் ஆண்டில் தெலங்கானாவில் வேப்பமரங்கள் நுனியிலிருந்து கருகத் தொடங்கின. பூசண நோயொன்றும், சாறு உறிஞ்சும் பூச்சியொன்றும் இதற்குக் காரணமெனக் கண்டார்கள். இதனால் மரம் உடனே மடிவதில்லை. பெரும்பாலானவை மீண்டும் தளிர்க்கின்றன. எனினும், வேம்புக்கு நோயே வராது என்று இனிச் சொல்லிக்கொள்ள இயலாது.

புங்கு

வீட்டு முற்றத்தில் புங்கம்பூ உதிர்ந்து கிடக்கும் வெண்மணலை, வெறியாடும் களத்தில் நெற்பொரி சிதறியதற்கு ஒப்பிடுகிறது குறுந்தொகையின் 53-ஆம் பாட்டு. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே நம்மவர் புங்கை முற்றத்து மரமாகக் கண்டிருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். தாவரவியலார் இதற்கு வழங்கிய பொங்கேமியா என்ற பெயரும் தென்னாட்டு வழக்குச் சொல்லிலிருந்து பிறந்ததே. இன்று மில்லெட்டியா பின்னேட்டா என்றும் இதை எழுதுகிறார்கள்.

புங்கு அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மரத்துக்கு உணவாக்கித் தருகின்றன. ஆதலின் வளமற்ற மண்ணிலும் இது தேறும். பெரும்பாலும் 12 முதல் 15 மீட்டர் உயரம். அடிமரம் குட்டை, தலை அகலம். ஒரு காம்பில் ஐந்து முதல் ஒன்பது வரை பளபளப்பான அகன்ற சிற்றிலைகள். அவை ஓடு வேய்ந்தாற்போல ஒன்றன்மேல் ஒன்று படிவதால் நிழல் மிக அடர்த்தி. குளிர் போய் வெயில் ஏறும் பருவத்தில் இதுவும் இலை உதிர்க்கும். சில வாரங்களில் இளம்பச்சைத் தளிர் மூடி, லூ வீசும் நாளில் முழுக்குடையோடு நிற்கும்.

இதன் இயற்கையான இருப்பிடம் ஆற்றங்கரை, ஏரிக்கரை, கடலோரக் கழிமுகம். எனவே சில நாள் நீர் தேங்கினாலும், நிலத்தில் உப்பு சற்றே ஏறினாலும் பொறுத்துக்கொள்ளும். வேரூன்றிய பின் வறட்சியையும் தாங்கும். ஆனால் முதற் கோடைகளில் வேம்பைவிட மிகுதியாகத் தண்ணீர் கேட்கும்.

குறைகளும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் வகையொன்று இலைமேல் விரல் நுனி போன்ற கொப்புளங்களை எழுப்பும். இலைக்குள் சுரங்கம் தோண்டும் புழு வெள்ளைத் திட்டு இடும். பார்ப்பதற்கு அழகில்லை, ஆயினும் வளர்ந்த மரத்துக்கு இவற்றால் உயிர்ச்சேதம் இல்லை. தாழ்ந்த கிளைகள் நடப்போர் தலையில் இடிக்கும். தடித்த காய்கள் உதிர்ந்து குப்பையாகும். அவற்றின் விதை உண்ணத்தக்கதன்று. வேரிலிருந்து பக்கக்கன்றுகள் முளைக்கும். அவற்றை அவ்வப்போது களைய வேண்டும்.

இரண்டு தவறான எண்ணங்கள்

கூட்டத்தில் வேம்புக் கட்சியார் கூறிய இரண்டு செய்திகளை இங்கே ஆராய்வது என் கடமை. ‘வேம்பு இரவிலும் பிராணவாயுவை வெளிவிடும்’ என்றார் ஒருவர். ஒளிச்சேர்க்கைக்கு ஒளி வேண்டும். இருளில் எந்தப் பச்சைத் தாவரமும் பிராணவாயுவை உண்டாக்குவதில்லை. இரவில் வேம்பும் நம்மைப்போல் மூச்சு விடுகிறது, அவ்வளவே.

‘வேப்பமரம் இருந்தால் கொசு அண்டாது’ என்றார் மற்றொருவர். வேம்பின் பூச்சி விரட்டும் ஆற்றல் மெய்யே. அதற்குத் தலையாய காரணமான அசாடிராக்டின் என்னும் பொருளை 1968-இல் பிரித்தெடுத்தார்கள். அதன் அமைப்பு மிகச் சிக்கலானது. ஆய்வுக்கூடத்தில் அதை முழுமையாகச் செய்து முடிக்க 2007 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் அப்பொருள் முதன்மையாக விதைக்குள் இருக்கிறது. காற்றில் எளிதில் பரவுவதுமில்லை. விதையிலிருந்து எண்ணெய் எடுத்துப் பூசுவது வேறு. மரத்தடியில் பாய் விரிப்பது வேறு. கொசு ஒழிய வேண்டுமானால் முற்றத்துப் பள்ளத்தில் தேங்கும் நீரை வடிப்பதே வழி.

என் தீர்ப்பு

இனி நம் முற்றத்தைப் பாருங்கள். சாலையை உயர்த்திய பின் மன்றத்து முன்னிடம் தாழ்ந்துவிட்டது. ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் ஒரு பெருமழை பெய்தால் இரண்டு மூன்று நாள் நீர் நிற்கிறது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நாம் தாண்டுகிறோம். இவ்விடத்தில் வேம்பு வைப்பது அதன் பலவீனத்தோடு பந்தயம் கட்டுவதாகும். இரண்டாவதாக, நமக்கு வேண்டியது வானளாவிய மரமன்று. அமர்வோருக்கும் துணி தேய்ப்போருக்கும் நண்பகலில் அடர்ந்த நிழல் தரும் அகன்ற குடை. அதற்குப் புங்கே பொருந்தும். ஆகவே மன்றத்து முற்றத்துக்குப் புங்கு என்பது என் கருத்து.

இதனால் வேம்புக் கட்சியார் மனம் தளர வேண்டியதில்லை. சைக்கிள் நிறுத்தும் மேட்டு நிலத்தைப் பாருங்கள். அங்கே நீர் தேங்குவதில்லை, குழாயும் தொலைவு. அவ்விடத்தில் அடிக்கடி தண்ணீர் கேட்கும் புங்கு வாடும், வேம்பு வெல்லும். எந்த மரம் உயர்ந்தது என்பதைவிட, எந்த மண்ணுக்கு எந்த மரம் என்பதே கேட்கத்தக்க கேள்வி. இரண்டாவது கன்று கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதுவதில் தவறில்லையே!

கன்று தேர்வதும் நடுவதும்

தோட்டத்தாரிடம் வேம்பை ‘நீம்’ என்று கேட்டால் போதும்; ஆனால் ‘பகாயன்’ கன்றை மாற்றி வாங்கிவிடக்கூடாது. வேம்பின் காம்பில் சிற்றிலைகள் நேரே அமர்ந்திருக்கும். பகாயனில் காம்பு மீண்டும் கிளைத்த பின்பே சிற்றிலை வரும். புங்கை ‘கரஞ்ச்’ என்று கேளுங்கள். டில்லியில் ‘பாப்ரி’ என்றும் சொல்வார்கள். ஆயின் அப்பெயர் வேறொரு மரத்துக்கும் உண்டு. இடுப்பளவு உயரம், நேரான தண்டு, பையின் அடியில் சுருண்டு கிடக்காத வேர் ஆகிய மூன்றையும் பார்த்து எடுக்க வேண்டும். தலைக்கு மேல் வளர்ந்த கன்று கண்ணுக்கு இனிது. ஆனால் சிறிய கன்றே விரைவில் வேரூன்றும்.

விதையிலிருந்து வளர்க்க விரும்புவோருக்கு ஒரு குறிப்பு: வேப்பங்கொட்டையின் முளைக்கும் ஆற்றல் சில வாரங்களில் தீர்ந்துவிடும், பழம் விழுந்த சூட்டோடு ஊன்ற வேண்டும். புங்க விதை சில மாதங்கள் வரை தாங்கும்.

குழி ஒவ்வொரு புறமும் இரண்டு முதல் மூன்று அடி இருக்கட்டும். மே மாதத்திலேயே தோண்டி வெயிலில் ஆறவிட்டு, மூன்றில் ஒரு பங்கு மட்கிய எரு கலந்து மண்ணை நிரப்ப வேண்டும். முதல் நல்ல மழைக்குப் பின், மாலையில் நடுங்கள். பிளாஸ்டிக் பையைக் கிழித்து அகற்றிவிட வேண்டும். பையில் மண் எவ்வளவு உயரம் இருந்ததோ அவ்வளவுக்கே புதைக்க வேண்டும். தண்டைப் புதைத்தால் அழுகும். கட்டடச் சுவரிலிருந்து இருபது அடி தள்ளி நடுவது இரு மரங்களுக்கும் நல்லது.

முக்கியமான ஒன்று: கன்றைச் சுற்றிச் சிமெண்டு பூச எவரையும் அனுமதிக்கக்கூடாது. மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் வரை காங்கிரீட்டை அகற்ற வேண்டுமென்று 2013-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டில்லிக்கு ஆணையிட்டது. வேருக்கு நீரும் காற்றும் அடைபட்ட மரம் பிடிமானம் இழக்கும். அடுத்த ஆந்தியில் முதலில் விழுவது அதுதான்.

மூன்று கோடைகள்

நட்ட நாளில் படம் எடுத்துக்கொள்வது எளிது. மரத்தின் தலைவிதி தீர்மானிக்கப்படுவது அடுத்த மூன்று கோடைகளில். மார்ச் முதல் ஜூன் வரை, முதலாண்டில் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, முறைக்கு ஒரு வாளி, அதாவது பதினைந்து லிட்டர், காலையிலோ மாலையிலோ ஊற்ற வேண்டும். நாள்தோறும் ஒரு குவளை தெளிப்பதால் பயனில்லை. மேல்மண் மட்டும் நனைந்தால் வேர் மேலேயே நின்றுவிடும். ஆழ நனைத்தால் ஆழ இறங்கும். இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் முறையைக் குறைத்து அளவைக் கூட்டலாம். பாத்தியில் சருகை மூன்று விரற்கடை கனத்துக்குப் பரப்பினால் ஈரம் காக்கும்; ஆனால் சருகு தண்டைத் தொடக்கூடாது. டில்லியில் உதிர்ந்த இலையைக் கொளுத்துவது சட்டப்படி குற்றம், மண்ணுக்கும் நட்டம். அதே சருகுதான் நம் பாத்திக்கு மூடாக்கு. முதல் ஜனவரியில் உறைபனி இரவுகள் வந்தால், இரவில் மட்டும் சாக்கு மறைப்புக் கட்டுங்கள். புங்கின் கீழ்க்கிளைகளை ஒரேயடியாக வெட்டாமல், ஆண்டுக்குச் சில என நீக்கி, ஏழடிக்கு மேல் குடை தொடங்கும்படி பழக்க வேண்டும்.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்: ஊற்றுபவர் யார்? நம்மில் பெரும்பாலோர் மே 10 தேதிக்குள் ஊருக்குப் போய்விடுகிறோம், திரும்புவது ஜூலையில். கன்றுக்கு உயிர் ஊசலாடுவது சரியாக அந்த இடைவேளையில்தான். தோட்டப் பிரிவாருக்கு வளாகம் முழுவதும் வேலை. எனவே நான் முன்வைப்பது ஒரு சிறு ஏற்பாடு. விடுமுறையிலும் ஆய்வுக்கூடத்தை விட்டு அகலாத ஆராய்ச்சி மாணவர் நால்வர், வாரம் ஒருவராக முறை வைத்துக்கொள்ளட்டும். அவர்கள் பெயரை மன்றப் பலகையில் எழுதிவிடுவோம். துணி தேய்க்கும் முதியவரிடம் இதைச் சொன்னபோது, தாம் தினமும் அங்கே இருப்பதாகவும், ஒரு வாளி மட்டும் வாங்கித் தந்தால் போதும் என்றும் கூறினார். வாளிக்கான செலவை மன்ற நிதி தாங்காதா?

நானும் அடுத்த ஆண்டு பட்டம் பெற்று இவ்விடம் விட்டுப் போகிறவன்தான். புங்கு ஒருவர் அமரத்தக்க நிழல் தர நான்கைந்து ஆண்டுகளாவது ஆகும். அதன்கீழ் ஒத்திகை பார்க்கப் போகிறவர்கள் இன்று தமிழ்நாட்டில் பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கையர். அவர்கள் நம் பெயரை அறியப் போவதில்லை. அறிய வேண்டிய தேவையுமில்லை. இப்பல்கலைக்கழகத்தில் நாம் ஓரிரு ஆண்டு தங்கிச் செல்லும் பறவைகள். ஆயினும் பறவை விட்டுச் சென்ற விதையும் மரமாகும்.

அடுத்த கூட்டத்துக்குத் திரளாக வாருங்கள். வேம்பானாலும் புங்கானாலும் வாக்களியுங்கள். வாக்களித்தவர்கள், போகுமுன் முறைப்பலகையிலும் தம் பெயரை எழுதிவிட்டுப் போகுமாறு வேண்டுகிறேன்.